சாவி யார் கையில்?

ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. அங்கே தர்காவைச் சுற்றி மன நோயாளிகளுக்கான தனியார் காப்பகங்கள் பல இருந்தன. 2001-ம் ஆண்டு ஆகஸ்டு 6-ந் தேதி விடியற்காலையில் அவற்றில் ஒன்று தீப்பிடித்தது. கீற்றுக் கொட்டகை, மளமளவென்று எரிந்தது. 28 பேர் மாண்டார்கள்.

அவர்கள் ஏன் ஓடவில்லை?

ஓட முடியவில்லை! சங்கிலியால் கட்டிப் போட்டிருந்தார்கள்.

அந்த மாதமே அங்குள்ள காப்பகங்களை அரசு மூடியது. நோயாளியைச் சங்கிலியால் பிணைக்கவே கூடாது என்று 2017-ம் ஆண்டு மனநலச் சட்டம் தடை போட்டது.

சங்கிலிக்குத் தடை வந்தது, சரி. பூட்டுக்கு?

இன்று முதியோர் இல்லங்கள் பெருகிவிட்டன. மறதி நோய் உள்ளவர் இரவில் எழுந்து தெருவுக்குப் போய்விடுவாரே என்று கதவைப் பூட்டுகிறார்கள். பயம் நியாயமானதுதான். ஆனால் தீப்பிடித்தால், அன்று சங்கிலி செய்த வேலையை இந்தப் பூட்டு செய்துவிடும்.

உங்கள் தாயாரையோ தகப்பனாரையோ இல்லத்தில் சேர்க்கப் போகிறீர்களா? கட்டிலையும் சாப்பாட்டையும் பகலில் பார்த்துவிடலாம். ஒரு நாள் இரவிலும் போங்கள். எத்தனை பேர் விழித்திருக்கிறார்கள், சாவி யாரிடம் இருக்கிறது, நடக்க முடியாதவர்களை மாடியில் படுக்க வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள்.

முகம் சுளிக்கிறார்களா? வேறு இல்லம் பாருங்கள்.