மூன்று கிளாஸுக்கு மேல் கிடையாது

ராத்திரி பன்னிரண்டு மணிக்குத் திறந்து காலை ஏழு மணிக்கு மூடுகிற ஒரு சாப்பாட்டுக் கடை. மெனுவில் ஒரே ஒரு அயிட்டம்: பன்றிக்கறி போட்ட மிஸோ சூப், கூடவே சோறு. குடிக்க பீர், சாக்கே, ஷோச்சு உண்டு. ஆனால் ஓர் ஆளுக்கு மூன்று கிளாஸுக்கு மேல் ஊற்ற மாட்டார்கள். முதலாளி, சமையல், சப்ளை, கல்லாப்பெட்டி எல்லாமே ஒரே ஆள்.

பி.காம். படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்த பிஸினஸுக்கு எந்த பாங்க்கும் லோன் தராது. குடிக்க வந்தவனை மூன்றாவது கிளாஸோடு நிறுத்துகிறவருக்கு லாபம் என்ற வார்த்தையே தெரியாது என்றுதான் அர்த்தம்.

ஆனால் இந்தக் கடை டி.வி.யில் மூன்று ஸீசன் ஓடியது. 2009, 2011, 2014. ரெண்டு சினிமாவாக வந்தது, 2015-லும் 2016-லும். பிறகு நெட்ஃபிளிக்ஸில் 2016, 2019 என்று இன்னும் இரண்டு ஸீசன். பெயர் 'ஷின்யா ஷோகுடோ'. நள்ளிரவுச் சாப்பாட்டுக் கடை. மூலம் யாரோ அபே என்பவர் 2006-ல் தொடங்கிய படக்கதை. ('யாரோ' என்பது அவர் பெயர். 'யாரோ ஒருத்தர்' இல்லை, பதறாதீர்கள்.)

கடை இருப்பது டோக்கியோவில், ஷின்ஜுகு பக்கத்து ஒரு சந்தில். ஷின்ஜுகுவில் 'கோல்டன் காய்' என்று நிஜமாகவே ஒரு பேட்டை உண்டு. ஆறு குறுகல் சந்துகளுக்குள் இருநூறு குட்டி பார்கள். சிலவற்றில் ஆறு பேர் உட்கார்ந்தால் ஹவுஸ்ஃபுல். அந்த ஜாடைதான்.

முதலாளியை எல்லோரும் 'மாஸ்டர்' என்கிறார்கள். கோபயாஷி கவோரு என்ற நடிகர். இடது கண் மேல் நெடுக ஒரு வெட்டுத் தழும்பு. எப்படி வந்தது? சொல்ல மாட்டார். பெண்டாட்டி பிள்ளை உண்டா? அதுவும் சொல்ல மாட்டார். மெனுவில் இல்லாததைக் கேட்டால், சாமான் இருந்தால் செய்து தருவார். அவ்வளவுதான் அவர் பாலிஸி.

முதல் எபிசோடில் ஒரு ரவுடி வருகிறார். கறுப்புக் கண்ணாடி, கூட ஒரு அடியாள். என்ன கேட்கிறார் தெரியுமா? சிவப்பு ஸாஸேஜ். அதையும் ஆக்டோபஸ் மாதிரி கால் கால் ஆக வெட்டி வறுத்துத் தர வேண்டும். ஸ்கூல் பிள்ளைகளுக்கு டிபன் பாக்ஸில் வைக்கிற சமாசாரம்! பக்கத்தில் 'கே பார்' நடத்துகிற ஒரு பெரியவர். அவருக்கு சர்க்கரை போட்ட முட்டைச் சுருள். ஒரு நாள் இரண்டு பேரும் ஆளுக்குக் கொஞ்சம் மாற்றிக் கொள்கிறார்கள். வெளியே ரோட்டில் பார்த்தால் இருவரும் எதிர் பிளாட்ஃபாரத்துக்கு மாறிவிடுகிற ஜாதி. இங்கே சிநேகிதம்.

கல்யாணம் ஆகாத மூன்று பெண்கள் ஜோடியாக... ஸாரி, கோஷ்டியாக வருவார்கள். மூவருக்கும் சோற்றில் சூடாக டீ ஊற்றிய 'ஒசாஸுகே'. ஒருத்திக்கு உமேபோஷி ஊறுகாய், ஒருத்திக்கு மீன் முட்டை, ஒருத்திக்கு ஸால்மன். ஆண்களைப் பற்றி வம்பளப்பார்கள். சண்டை வரும். மறுபடி அதே மூன்று ஸ்டூல்.

இதெல்லாம் ஸ்வீட்டான கதை, குழந்தைகளுக்குச் சொல்லலாம் என்கிறீர்களா? இருங்கள். பாட்டுப் பாடி ஜெயிக்காத ஒரு பெண் கடை மூடுகிற நேரத்துக்கு வருகிறாள். சூடான சோற்றில் மீன் சீவலும் சோயா ஸாஸும் மட்டும் கேட்கிறாள். ஜப்பானில் இதற்குப் பெயரே 'பூனைச் சோறு'. அப்புறம் அவள் பாட்டு ஹிட் ஆகிறது. புகழோடு நோயும் வருகிறது. செத்துப் போகிறாள். மாஸ்டரால் அவளைக் காப்பாற்ற முடியவில்லை. அவள் கேட்ட சோற்றைப் போட முடிந்தது, அவ்வளவுதான்.

அரை மணிக்கும் குறைவான எபிசோடுகள்தான். முடியும்போது அன்றைய பதார்த்தத்துக்கு ஒரு சமையல் டிப்ஸ் வேறு.

இனி, கொஞ்சம் கசப்பான கணக்கு. 2020 சென்ஸஸ்படி ஜப்பானில் நூறு வீடுகளில் 38-ல் ஒரே ஆள்தான் குடித்தனம். 2021 பிப்ரவரியில் தனிமையைக் கவனிப்பதற்கென்றே ஒரு மந்திரியைப் போட்டார்கள். 2024 ஏப்ரலில் அதற்கு ஒரு சட்டமும் அமலுக்கு வந்தது. அதே 2024-ல் தனியாக வசித்து, வீட்டிலேயே இறந்து போனவர்கள் 76,020 பேர் என்று போலீஸ் கணக்கு. முக்கால்வாசிப் பேர் 65 வயதைத் தாண்டியவர்கள். இதில் 21 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் விஷயத்தில், உயிர் போய் எட்டு நாளாவது கழிந்த பிறகுதான் வெளியே தெரிந்திருக்கிறது.

எட்டு நாள் ஸார்! பேப்பர்க்காரன் போட்டுவிட்டுப் போன எட்டுப் பேப்பர் வாசலில் கிடந்திருக்கும்.

இந்தக் கணக்கைப் படித்த பிறகு அந்தக் கடையை மறுபடி பார்த்தேன். மாஸ்டர் யாருக்கும் அட்வைஸ் சொல்வதில்லை. கட்டிப்பிடித்து அழுவதில்லை. சூடாக எதையாவது முன்னால் வைத்துவிட்டு சிகரெட் பற்ற வைத்துக் கொள்கிறார். அப்படியானால் வருகிறவர்களுக்கு எங்கிருந்து ஆறுதல் கிடைக்கிறது?

கவுன்ட்டரில். அது 'ப' மாதிரி இருக்கும். நடுவில் மாஸ்டர், மூன்று பக்கமும் ஸ்டூல்கள். சாப்பிடுகிறவன் சுவரைப் பார்க்க முடியாது. எதிரில் சாப்பிடுகிறவன் மூஞ்சியைத்தான் பார்க்க வேண்டும். ஒரு வாரம் பார்த்தால் அடையாளம் தெரியும். ஒரு மாதம் பார்த்தால் என்ன சாப்பிடுவான் என்று தெரியும். பிறகு ஒரு நாள் அந்த ஸ்டூல் காலியாக இருந்தால், 'எங்கே, ஆளைக் காணோம்?' என்று யாராவது கேட்பார்கள். அந்த ஒரு கேள்விதான் அங்கே குடும்பம். ரத்த சம்பந்தம், ஜாதகம், ரேஷன் கார்டு எதுவும் தேவைப்படவில்லை.

மூன்று கிளாஸ் கட்டுப்பாடும் அப்போதுதான் புரிந்தது. நாலாவது கிளாஸுக்கு மேல் போனவன் பக்கத்து ஸ்டூலைக் கவனிக்க மாட்டான்.

ஆபீஸ் போகிற உங்களுக்கு இதில் ஒரு சௌகரியம் இருப்பதாக நினைப்பீர்கள். பத்து மணிக்கு கார்டைத் தேய்க்காவிட்டால் போன் வரும். வரும்தான். ஆனால் அது உங்களைத் தேடி வருகிற போன் இல்லை, லீவ் லெட்டரைத் தேடி வருகிற போன். ஞாயிறும் கூட ஒரு பண்டிகையும் சேர்ந்து மூன்று நாள் லீவ் விட்டால், ரூமில் நீங்கள் எழுந்தீர்களா என்று யாருக்குத் தெரியும்? என் போன்ற ஃப்ரீலான்ஸ் ஆசாமி கதி இன்னும் மோசம். நான் நாலு நாள் தலை காட்டாவிட்டால் முதலில் கவலைப்படப் போகிறவர் ஒரு சப் எடிட்டர். அதுவும் பக்கம் காலியாகக் கிடக்கிறதே என்றுதான்!

ஒரு குறையும் சொல்லிவிடுகிறேன். மாஸ்டர் கடைக்கு வாடகை எப்படிக் கொடுக்கிறார் என்று ஒரு எபிசோடிலாவது காட்டியிருக்கலாம். நிஜ ஊரில் அப்படிப்பட்ட மனுஷர் கடை ஆறு மாதத்தில் மூடிவிடும். ஆகவே மாஸ்டருக்காகக் காத்திருப்பதில் பிரயோஜனமில்லை. பக்கத்து ஸ்டூல்காரர்களாக இருப்பதற்கு முதல் போட வேண்டாம், வாடகை வேண்டாம்.

நீங்கள் தினம் சாப்பிடுகிற இடத்தில் மூலை மேஜையில் ஒருத்தர் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவாரே... அவரைக் கடைசியாக என்றைக்குப் பார்த்தீர்கள்?