பெயர் தெரியாத மாத்திரை

மும்பையில் மழை தொடங்கினால் காய்ச்சலும் தொடங்கும். தாராவியிலும், சயான் கோலிவாடாவிலும், செம்பூரிலும் தமிழர்கள் வாழும் சந்துகளில் வீட்டுக்கு ஒருவர் படுப்பார். படுத்தவர் முதலில் தேடிப் போவது ஆஸ்பத்திரியை அல்ல, தெருமுனை மெடிக்கலை.

"ரெண்டு நாளா காய்ச்சல், உடம்பு வலி. ஒரு செட் குடுங்க அண்ணாச்சி" என்றால் போதும். நாலைந்து அட்டைகளிலிருந்து ஒவ்வொரு மாத்திரையாக வெட்டி, சிறு காகித உறையில் போட்டுக் கொடுத்து விடுவார்கள். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. உறையின் மேல் பெயர் இல்லை. பில்லும் இல்லை. வாங்கியவருக்குத் தெரிந்ததெல்லாம் வெள்ளை மாத்திரை, மஞ்சள் மாத்திரை, சிவப்புக் குழாய் மாத்திரை என்பதுதான்.

இந்தப் பழக்கத்தை வெறும் அறியாமை என்று தள்ளிவிட முடியாது. அன்றாடம் உழைத்தால்தான் அடுப்பெரியும் என்ற நிலையில் உள்ளவர், மாநகராட்சி ஆஸ்பத்திரி வரிசையில் நின்றால் ஒரு நாள் கூலி போய்விடும். தனியார் டாக்டரிடம் போனால் கட்டணம் கொடுக்க வேண்டும். உடம்புக்கு என்ன என்பதை இந்தியிலோ மராத்தியிலோ சொல்லத் தெரியாமல் தவிக்கும் தாய்மார்களும் உண்டு. மெடிக்கலில் இருப்பவரோ நம் மொழி பேசுகிறார். ராத்திரி பத்து மணிக்கும் கடை திறந்திருக்கிறது. மக்கள் அங்கே போவதில் வியப்பில்லை. ஆனால் அந்தச் சலுகைக்கு அவர்கள் கொடுக்கும் விலை என்ன என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை.

உறைக்குள் இருப்பது என்ன?

காய்ச்சல் மாத்திரை ஒன்று, வலி மாத்திரை ஒன்று, வயிற்றுக்கு ஒன்று, 'ஆன்டிபயாடிக்' ஒன்று. சில கடைகளில் 'ஸ்டீராய்டு' மாத்திரையும் சேரும். ஸ்டீராய்டு போட்டால் காய்ச்சல் சட்டென்று இறங்கும், வலி பறந்துவிடும். "கைராசியான கடை" என்று பெயரும் கிடைத்துவிடும். ஆனால் நோய் உள்ளே இருக்கும். அடையாளம் மட்டும் மறைந்திருக்கும். சர்க்கரை நோய் உள்ளவருக்கு ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றிவிடும்.

மழைக்காலக் காய்ச்சலில் டெங்கு உண்டு, மலேரியா உண்டு, எலிக்காய்ச்சல் உண்டு. டெங்குவுக்கு ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது. டெங்கு இருக்கும்போது டைக்ளோபெனாக், ஐபுபுரூபன், ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகளை விழுங்கினால் ரத்தக் கசிவு ஆபத்து கூடும். மலேரியாவுக்குத் தனி மருந்து உண்டு. ரத்தம் பார்த்த பிறகே அதைக் கொடுக்க வேண்டும். எலிக்காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் அவசியம். ஆனால் உரிய மருந்து, உரிய அளவில் தேவை. மூன்றும் ஆரம்பத்தில் ஒரே மாதிரிதான் சுடும். கடைக்காரர் கண்ணால் பார்த்து எதைப் பிரித்தறிய முடியும்?

சாதாரண பாராசிட்டமாலும் அளவு மீறினால் ஈரலைக் கெடுக்கும். பெரியவர்களுக்கு ஒரு நாளில் 4 கிராம், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை எட்டு என்பதே உச்ச வரம்பு. பல சளி மாத்திரைகளுக்குள்ளும் அதே பாராசிட்டமால் இருக்கிறது. செட்டில் ஒன்று, வீட்டில் இருந்தது ஒன்று, சளிக்கு ஒன்று என்று போட்டுக் கொள்பவருக்குக் கணக்கு எப்படித் தெரியும்? குடிப்பழக்கம் உள்ளவருக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

ஒத்துக்கொள்ளாமல் போனால்...

எந்த மருந்தும் யாரோ ஒருவருக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம். பெனிசிலின் வகை மருந்து சிலருக்கு ஒரே வேளையில் மூச்சை அடைத்துவிடும். சல்பா மருந்துகள், வலிப்பு நோய் மருந்துகள் சில, வலி மாத்திரைகள் சில, மிக அரிதாகக் கொடிய தோல் நோயை உண்டாக்கும். கண் சிவக்கும், வாய் புண்ணாகும், தோல் கொப்பளித்து உரியும். உயிருக்கே ஆபத்தான நிலை அது.

அப்போது ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்கும் முதல் கேள்வி, "என்ன மருந்து சாப்பிட்டீர்கள்?" என்பதுதான். எதை நிறுத்துவது என்று தெரிந்தால்தான் அவர் காப்பாற்ற முடியும். "ஒரு மஞ்சள் மாத்திரை" என்ற பதிலை வைத்துக் கொண்டு அவர் என்ன செய்வார்? பிழைத்து எழுந்தாலும், அடுத்த மழைக்காலத்தில் அதே மாத்திரை இன்னொரு உறையில் வரும். எது தனக்கு விஷம் என்று தெரியாமலே அவர் அதை மறுபடியும் விழுங்குவார்.

தாராவி கண்ட பாடம்

பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங், 1945-ல் நோபல் பரிசு பெற்றபோதே எச்சரித்தார். யார் வேண்டுமானாலும் கடையில் வாங்கலாம் என்ற காலம் வந்தால், அறியாதவர் அரைகுறை அளவில் சாப்பிடுவார். கிருமி சாகாது, மருந்தைத் தாங்கக் கற்றுக்கொள்ளும் என்றார். அது நடந்தே விட்டது. மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் 2019-ல் மட்டும் உலகில் சுமார் 12.7 லட்சம் பேர் இறந்தார்கள் என்று கணக்கிடப்பட்டுள்ளது.

தாராவிக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. அங்குள்ள தனியார் மருத்துவர்களிடம் காசநோய்க்கு மருந்துச் சீட்டு எழுதச் சொல்லி நடத்திய ஆய்வு 2010-ல் வெளிவந்தது. 106 பேர் 63 விதமாக எழுதினார்கள். சரியாக எழுதியவர்கள் 6 பேர் மட்டுமே. டாக்டர்களே தடுமாறும் இடத்தில் மெடிக்கல் கவுண்டரில் நிற்கும் பையன் என்ன செய்வான்? நீண்ட நாள் இருமலுக்கு லீவோபிளாக்சசின் போன்ற மாத்திரையை வெட்டிக் கொடுக்கிறார்கள். காசநோயாக இருந்தால் இருமல் கொஞ்சம் தணியும். நோய் தெரியவருவது தள்ளிப்போகும். கிருமியும் அந்த மருந்துக்குப் பழகிவிடும். பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் படுக்கும் வீட்டில் அந்தக் கிருமி யாரை விட்டுவைக்கும்?

சட்டம் இல்லாமல் இல்லை

ஆன்டிபயாடிக் மருந்துகளை டாக்டர் சீட்டின்றி விற்கக் கூடாது. 2014 மார்ச் முதல் 'எச்-1' என்ற தனி அட்டவணையும் நடைமுறையில் உள்ளது. செபிக்சிம், லீவோபிளாக்சசின், காசநோய் மருந்துகள் எல்லாம் அதில் அடக்கம். அவற்றை விற்றால் டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்தின் அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி, மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். சிவப்புக் கோடு போட்ட அட்டையைச் சீட்டின்றி வாங்காதீர்கள் என்று மத்திய அரசு 2016-ல் பிரசாரமும் செய்தது. கேரளாவில் 2024-ல் அதிகாரிகள் கடைகளில் திடீர்ச் சோதனையே நடத்தினார்கள். மகாராஷ்டிராவிலும் அந்த முனைப்பு வேண்டும்.

அதற்காகச் சட்டத்தை மட்டும் வீசிப் பயனில்லை. கடையை அடைத்துவிட்டு டாக்டரைக் காட்டாவிட்டால் ஏழை எங்கே போவார்? 2022-ல் மும்பை மாநகராட்சி தொடங்கிய 'ஆப்லா தவாகானா' இலவச மருத்துவமனைகள் இந்தக் குறைக்குச் சரியான மருந்து. தமிழர் நிறைந்த பகுதிகளில் அவை வேலை முடிந்து வருபவருக்கும் பயன்படும் வகையில் இரவு வரை இயங்க வேண்டும். தமிழ் தெரிந்த ஒரு பணியாளராவது அங்கே இருக்க வேண்டும்.

இதெல்லாம் நடக்க நாளாகும். இன்றே நடக்கக் கூடியது ஒன்று உண்டு. பெயர் தெரியாத மாத்திரையை வாங்காதீர்கள். எதை வாங்கினாலும் பெயர் உள்ள அட்டையோடு கேளுங்கள், பில் கேளுங்கள். கையில் உள்ள போனில் அட்டையைப் படம் எடுத்து வையுங்கள். ஒத்துக்கொள்ளாத மருந்தின் பெயரை எழுதி ரேஷன் கார்டோடு சேர்த்து வையுங்கள். மருந்தின் பக்கவிளைவை 1800-180-3024 என்ற இலவச எண்ணில் நோயாளிகளே தெரிவிக்கலாம். 2010 முதல் இதற்கென்றே ஒரு மத்திய அரசுத் திட்டம் இருக்கிறது.

பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் நடத்தும் இங்குள்ள தமிழ் அமைப்புகள், இந்த நாலு விஷயங்களைத் தமிழில் ஒரு துண்டுத் தாளில் அச்சடித்து வீடுதோறும் கொடுத்தால் அதைவிடப் பெரிய தமிழ்த் தொண்டு இருக்காது. மெடிக்கல் நடத்தும் தமிழர்களுக்கும் ஒரு வார்த்தை: நம்பி வரும் மக்கள் உங்களை அண்ணாச்சி என்றுதான் அழைக்கிறார்கள். பெயர் தெரியாத மாத்திரையைத் தம்பிக்கு எந்த அண்ணனும் கொடுக்க மாட்டான்.