கேட்கும் செவி: தொடக்கப்பள்ளித் தொலைநிலைக் கல்வியும் தமிழ் கற்பித்தலும்

முன்னுரை

கொரோனா பெருந்தொற்றினால் 2020 மார்ச்சில் மூடப்பட்ட தமிழகப் பள்ளிகளில், ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் 1ஆம் நாள் மீண்டும் திறக்கப்பட்டன. 2020இல் முதல் வகுப்பில் சேர்ந்த குழந்தை, இரண்டாம் வகுப்பின் நடுப்பகுதியில்தான் வகுப்பறையை முதன்முதலாகக் கண்டது. அகரம் எழுதிப் பழக வேண்டிய பருவம் முழுவதும் வீட்டிலேயே கழிந்தது.

இக்காலத்தில் வழங்கப்பட்ட தொலைநிலைக் கல்வி பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் கருவி, இணையம், மின்வசதி ஆகியவற்றைச் சுற்றியே அமைந்தன. கருவி இல்லாமை மெய்யான தடையே. எனினும், கருவி இருந்த வீட்டிலும் குழந்தை படிக்கக் கற்றதா என்னும் வினா எஞ்சி நிற்கிறது. தொடக்கநிலைத் தொலைக் கல்வியின் அடிப்படைக் குறை, அது குழந்தைக்குச் சொல்லியதே அன்றிக் குழந்தை சொல்வதைக் கேட்கவில்லை என்பதாகும். இது தொழில்நுட்பச் சிக்கல் மட்டுமன்று. தமிழ்மொழியின் இயல்போடு தொடர்புடைய சிக்கல். ஆதலின் தமிழியல் ஆய்வாளர்க்கும் இதில் பொறுப்பு உண்டு.

வழங்கப்பட்டவை

அரசு வழங்கியவற்றைக் குறைத்து மதிப்பிடுதல் முறையன்று. 2019 ஆகஸ்டில் தொடங்கப்பட்டிருந்த கல்வித் தொலைக்காட்சி, வகுப்புவாரியாகப் பாடங்களை ஒளிபரப்பியது. விலையில்லாப் பாடநூல்கள் மாணவர்க்கு வழங்கப்பட்டன; அவற்றிலுள்ள விரைவுக் குறியீடுகள் காணொலிகளுக்கு வழிகாட்டின. ஆசிரியர் பலர் வாட்ஸ்அப் குழு அமைத்து வீட்டுப்பாடம் அனுப்பினர். குழந்தைகள் எழுதிய பக்கங்களைப் பெற்றோர் படமெடுத்துத் திருப்பி அனுப்பினர். ஒரே திறன்பேசி உள்ள வீட்டில் அது பகலில் தந்தையுடன் வேலைக்குச் சென்றுவிடும். பாடம் இரவில்தான் குழந்தையின் கைக்கு வரும்.

இவை அனைத்திற்கும் பொதுவான பண்பு ஒன்றுண்டு. பாடம் ஆசிரியரிடமிருந்து குழந்தைக்குச் சென்றது. குழந்தையிடமிருந்து திரும்பியது எழுதிய தாளின் படம் மட்டுமே. ஒன்றிய அரசு 2020 ஜூலையில் வெளியிட்ட ‘பிரக்யதா’ வழிகாட்டு நெறிகள், ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு நேரலை வகுப்பு நாளொன்றுக்கு 30 முதல் 45 நிமிட அமர்வுகள் இரண்டிற்கு மேற்படலாகாது என வரையறுத்தன. குழந்தையின் கண்நலம் கருதிய இவ்வரையறை வேண்டத்தக்கதே. ஆயினும், குழந்தை திரைமுன் எத்தனை நிமிடம் அமரலாம் என்பது கணக்கிடப்பட்ட அளவுக்கு, அது எத்தனை நிமிடம் வாய்திறந்து படிக்க வேண்டும் என்பது கருதப்படவில்லை.

தொடக்கநிலைத் தமிழின் இயல்பு

தமிழ்க் குழந்தை பள்ளிக்கு வரும்போதே தமிழ் பேசுகிறது. ஆனால் அது பேசும் தமிழும் பாடநூல் தமிழும் வேறுவேறு. ‘மழை பெய்தது’ என்னும் தொடரைப் பார்த்து ஒரு குழந்தை ‘மழ பேஞ்சுது’ என்று படிக்கிறது. பொருளை உணர்ந்துவிட்டது, ஆனால் எழுத்தைப் படிக்கவில்லை. மற்றொரு குழந்தை ‘மழை பெய்தது’ எனப் பிழையின்றிச் சொல்கிறது; அது எழுத்தைக் கூட்டிப் படித்ததா, கேட்டதை மனப்பாடமாக ஒப்பித்ததா என்பது அருகிருந்து விரல்வைத்துப் படிக்கச் செய்தாலன்றி விளங்காது. இவ்விரு குழந்தைகளும் அத்தொடரை ஏட்டில் பார்த்து எழுதினால் இரண்டு பக்கங்களும் ஒன்றுபோலவே இருக்கும். படமாக வந்த வீட்டுப்பாடம் ஆசிரியருக்கு இவ்வேறுபாட்டைக் காட்டாது.

வரிவடிவமும் இத்தகைய இடர்களை உடையது. ‘கெ’ என்பதில் ஒற்றைக் கொம்பு மெய்யின் முன் நிற்கிறது. ஒலியோ மெய்க்குப்பின் வருகிறது. ‘கடல்’, ‘பகல்’, ‘தங்கம்’ ஆகியவற்றில் ககரம் ஒன்றே, ஒலி மூன்று. லகர, ளகர, ழகர வேறுபாடு சிறிய ஒலிபெருக்கியின் வழியே தெளிவாக வந்துசேர்வதில்லை. எழுத்தொலிகள் நாவிலும் அண்ணத்திலும் பிறக்கும் முறையைத் தனி இயலாகவே வகுத்துரைத்தது தொல்காப்பியம். அவ்வொலிப் பிறப்பைக் குழந்தையின் வாயில் கண்டு திருத்துபவர் தொடக்கப்பள்ளி ஆசிரியரே.

நன்னூல் காட்டும் பங்கீடு

பவணந்தியார் நன்னூலின் பொதுப்பாயிரத்தில் கற்றலைப் பங்கிட்டுக் காட்டுகிறார். ஆசான் உரைத்ததை நன்கு கொண்டாலும் மாணவனுக்குக் கிட்டுவது கால்பங்கே; உடன் கற்போருடன் பயிலும்போது மற்றொரு கால்பங்கு கிட்டும்; எஞ்சிய அரைப்பங்கு பிறர்க்கு எடுத்துரைக்கும்போதே நிறைவுறும். நன்னூலார் இலக்கண நூல் கற்கும் மாணாக்கனைக் கருதியே இதனைக் கூறினார். ஆறு வயதுக் குழந்தையை அன்று என மறுக்கலாம். மறுப்பு ஏற்கத்தக்கதே. எனினும், முதிர்ந்த மாணாக்கனுக்கே ஆசான் உரை கால்பங்கு எனில், தானே நூலை எடுத்துப் படிக்க இயலாத குழந்தைக்கு அது அதனினும் சிறிதாகவே இருக்கும்.

திண்ணைப் பள்ளிகளின் நடைமுறையும் இதற்கு அரண் செய்கிறது. குழந்தைகள் மணலில் எழுதி, எழுதியதை உரக்கச் சொல்லினர். மூத்த மாணவனாகிய சட்டாம்பிள்ளை இளையோரிடம் பாடம் கேட்டான். மணலில் எழுதும் இம்முறையைக் கண்ட ஆண்ட்ரூ பெல், சென்னை எழும்பூரில் தம் பொறுப்பிலிருந்த ஆதரவற்ற சிறுவர் பள்ளியில் அதனைப் பின்பற்றினார். மாணவரைக் கொண்டே மாணவர்க்குக் கற்பிக்கும் முறையையும் அங்கு வளர்த்து, 1797இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். அது ‘மதராஸ் முறை’ எனப் பெயர் பெற்றது. திண்ணைப் பள்ளியின் சாதி விலக்கும் கடுந்தண்டனையும் மீளத் தகாதவை. கேட்டுத் திருத்தும் அதன் வழக்கமோ இழக்கத் தகாதது.

தொலைக்காட்சி வழங்கியது ஆசான் உரையாகிய கால்பங்கு. எஞ்சிய முக்கால்பங்குக்கு இடமே அமைக்கப்படவில்லை.

இல்லம் தேடிக் கல்வி தரும் சான்று

2021 அக்டோபரில் தொடங்கப்பட்ட ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தில் தன்னார்வலர்கள் குடியிருப்புகளிலேயே மாலை வேளையில் குழந்தைகளைச் சிறு குழுக்களாக அமரவைத்துக் கற்பித்தனர். இது பள்ளி திறந்தபின் நடந்த ஈடுசெய் திட்டமே அன்றித் தொலைநிலைக் கல்வி அன்று. எனினும் இதன் பயன் கருதத்தக்கது. அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர் தமிழக ஊரகக் குழந்தைகள் ஏறத்தாழ 19,000 பேரிடம் நிகழ்த்திய ஆய்வின்படி, பள்ளி திறந்த ஆறு மாதங்களுக்குள் கற்றல் இழப்பில் ஏறத்தாழ மூன்றில் இருபங்கு ஈடுசெய்யப்பட்டது. அவ்வீட்டில் ஏறத்தாழ 24 விழுக்காடு இத்திட்டத்தால் விளைந்தது. உயர் தொழில்நுட்பம் எதுவும் இங்கில்லை. குழந்தை படிப்பதைக் கேட்க அருகில் ஒருவர் இருந்தார்.

அதே ஆய்வு, தமிழில் நேர்ந்த இழப்பு கணிதத்தில் நேர்ந்ததைவிடக் குறைவு என்றும் காட்டுகிறது. மொழி வீட்டிலும் புழங்குவது இதற்குக் காரணமாகலாம். இதனைக் கொண்டு ஆறுதல் அடைய இயலாது. ஊரகத் தமிழகத்தில் மூன்றாம் வகுப்புக் குழந்தைகளுள் இரண்டாம் வகுப்புப் பாடப்பகுதியைப் படிக்க வல்லோர் 2018இல் 10.2 விழுக்காடு, 2022இல் 4.8 விழுக்காடு என ‘ஏசர்’ அறிக்கை குறிப்பிடுகிறது. பெருந்தொற்றுக்கு முன்பே பத்தில் ஒருவர்தான் படித்தார் எனில், கேட்டுத் திருத்தும் வழக்கம் வகுப்பறையிலும் முன்பே தளர்ந்திருக்க வேண்டும்.

செய்ய வேண்டுவன

மழை வெள்ளத்தாலும் நோய்ப் பரவலாலும் பள்ளிகள் மீண்டும் மூடப்படலாம். அப்போது தொடக்கப்பள்ளியின் முதற்கடமை, ஒவ்வொரு குழந்தையின் குரலையும் ஆசிரியர் கேட்பதற்கு வழி செய்தலாகும். ஒரு குழந்தை ஐந்து வரி படிப்பதைக் கேட்க எளிய கைப்பேசி அழைப்பு போதும். முப்பது குழந்தைகள் உள்ள வகுப்பில் நாளொன்றுக்கு ஆறு பேர் வீதம் அழைத்தால் ஐந்து நாளில் அனைவர் குரலும் கேட்கப்படும்.

இரண்டாவதாக, வீட்டிலிருப்போர்க்கெனத் தனிக் குறிப்புகள் வேண்டும். அவை குழந்தைக்கு எழுதப்பட்ட பாடத்தின் சுருக்கமாக அமையாமல், கேட்பவர்க்கு எழுதப்பட்டவையாக அமைய வேண்டும். அக்காளோ அண்ணனோ எந்தச் சொல்லில் நிறுத்திக் கேட்க வேண்டும் என்பதை எளிய தமிழில் உரைக்க வேண்டும். எழுத்தறியாப் பாட்டியும் ‘படிச்ச கதையை எனக்குச் சொல்லு’ என்று கேட்கலாம். குழந்தை அதனைத் தன் பேச்சில் எடுத்துரைக்கும்போது, நன்னூலார் கூறிய அரைப்பங்கு நிறைவேறத் தொடங்குகிறது.

முடிவுரை

இத்தகைய குறிப்புகளை எழுதத் தமிழ்க் குழந்தைகள் எங்கெங்கே தடுமாறுகின்றனர் என்னும் அறிவு தேவை. எந்த வட்டாரப் பேச்சுடைய குழந்தை எந்தத் தொடரை எவ்வாறு மாற்றிப் படிக்கிறது, எந்த உயிர்மெய்க் குறியீட்டில் நெடுநேரம் நிற்கிறது என்பவற்றை முறையாகத் தொகுப்பது ஒலியியலும் கிளைமொழியியலும் அறிந்த தமிழ்த்துறைகளால் இயலும். பழஞ்சுவடியின் பாடவேறுபாட்டை ஓர் எழுத்தும் விடாது பதிவு செய்த புலமை மரபு, ஆறு வயதுக் குழந்தையின் வாய்ப் பாடவேறுபாட்டையும் பதிவு செய்ய வேண்டும். ஒன்றாம் வகுப்பில் எழுத்தைக் கைவிட்ட குழந்தை, பின்னாளில் அச்சுவடிகளின் பதிப்புகளைப் படிக்க வருவதில்லை.