சொர்ணமுகி மணல்மீது கிராம சபைக்கு அதிகாரம் வேண்டும்: ஏர்பேடு மக்களின் கோரிக்கைச் சாசனம்

ஆந்திர மாநில அரசுக்கும் சட்டமன்றத்துக்கும் ஏர்பேடு மண்டலத்துக் கிராம மக்கள் முன்வைப்பது:

2017 ஏப்ரல் 21 அன்று, சொர்ணமுகி ஆற்றில் நடந்த மணல் கொள்ளையைப் பற்றி முறையிட முனகலபாளையம் விவசாயிகள் ஏர்பேடு காவல் நிலையத்துக்கு வந்திருந்தார்கள். கட்டுப்பாடு இழந்த லாரி ஒன்று கூட்டத்துக்குள் பாய்ந்தது. பதினைந்து பேருக்கும் மேல் மாண்டார்கள். சொந்த ஊரிலேயே கூடி, மணலை அள்ளாதே என்று ஆணையிடும் அதிகாரம் அவர்களுக்கு இருந்திருந்தால், அன்று சாலையோரம் வந்து நிற்க வேண்டிய தேவையே இருந்திருக்காது.

1957 கனிமச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, மணலுக்கு விதி வகுக்கும் உரிமையை மாநில அரசுக்குத் தந்தது. 1996இன் பெசா சட்டமோ, பழங்குடி அட்டவணைப் பகுதிகளில் கிராம சபை அல்லது ஊராட்சியின் பரிந்துரை இல்லாமல் சிறுகனிமக் குத்தகை கூடாது என்கிறது. ஏர்பேடு அந்த அட்டவணையில் இல்லை. ஆனால் மணல் போனால் எங்கள் கிணறும்தான் வற்றும்.

தலைநகரில் குவியும் அதிகாரத்துக்கு மக்கள் அஞ்சுவது புதிதல்ல. 1787இல் அமெரிக்க அரசியல் சாசனத்தில் கையெழுத்திட ஜார்ஜ் மேசன் மறுத்தார். வர்ஜீனியாவில் பேட்ரிக் ஹென்றி அதை எதிர்த்து வாதாடினார். அந்த எதிர்ப்பின் பலனாக 1791இல் பத்துத் திருத்தங்கள் வந்தன. மத்திய அரசிடம் ஒப்படைக்காத அதிகாரம் மாநிலங்களுக்கோ மக்களுக்கோ உரியது என்கிறது பத்தாவது திருத்தம். இங்கே 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் கே. சந்தானம் கொண்டுவந்த ஊராட்சித் திருத்தத்தை ஆதரித்துப் பேசியவர், திருச்சானூரில் பிறந்த அனந்தசயனம் அய்யங்கார். அதுவே நம் அரசியல் சாசனத்தின் 40ஆம் பிரிவானது. 1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆவது திருத்தம்கூட, ஊராட்சிக்கு எவ்வளவு அதிகாரம் என்பதைச் சட்டமன்றத்தின் விருப்பத்துக்கே விட்டுவிட்டது. அந்த விருப்பத்தைத்தான் இப்போது கேட்கிறோம்.

ஆற்றோர ஊரின் கிராம சபை ஒப்பாமல் மணலுக்கு அனுமதி தரக்கூடாது என்று 1994 ஊராட்சிச் சட்டத்தைத் திருத்துங்கள். மணலுக்குச் சீனியரேஜ் எனும் கனிமக் கட்டணம் வசூலிக்கப்பட்டால், அதில் ஊருக்குரிய பங்கு நேரே ஊராட்சிக் கணக்கில் சேரட்டும். எந்தப் பாக்கிக்கும் அதைப் பிடித்துக்கொள்ளக் கூடாது. எந்த லாரிக்கு, எத்தனை டன்னுக்கு அனுமதி என்பது ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டப்பட வேண்டும்.

கிராமம் சாதி ஆதிக்கத்தின் இடம் என்று அம்பேத்கர் எச்சரித்தார். அவர் சொன்னது உண்மை. எங்கள் ஊர்களும் அதற்கு விலக்கல்ல. மேசனும் ஹென்றியும் சுதந்திரம் பேசிக்கொண்டே அடிமைகளை வைத்திருந்தவர்கள். ஆகவே, தலித் குடியிருப்பினரும் பெண்களும் போதிய எண்ணிக்கையில் வராத கூட்டத்தின் மணல் தீர்மானம் செல்லாது என்பதையும் சட்டத்திலேயே எழுதுங்கள்.

சொர்ணமுகிக் கரை ஊர்களே, அடுத்த கிராம சபையில் இதைத் தீர்மானமாக நிறைவேற்றி, சட்டமன்ற உறுப்பினரிடம் நேரில் கொடுங்கள்.