ஒட்டடைக் கம்பும் ஒரு கியூவும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திலகர் திடல் சந்தையில் பழைய பூட்டு ஒன்றுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஓட்டை மிக்சி ஜார்களுக்கு நடுவே ஒரு பில்லியர்ட்ஸ் கியூ கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். கடைக்காரர், “நல்ல கம்பு அய்யா, ஒட்டடை அடிக்கலாம்” என்றார்.

ஒற்றைக் கண்ணை மூடி நீளவாக்கில் பார்த்தேன். வளைவில்லை. முன்பாகம் ஆஷ் மரம், அடிப்பாகம் கருங்காலி. இரண்டும் சேரும் இடத்தில் கருங்காலியின் நுனிகள் வளைவாக முடிந்திருந்தன. கையால் இழைத்து ஒட்டியதற்கு அதுதான் அடையாளம். மெஷினில் செய்தது என்றால் நுனி ஈட்டி போலக் கூராக இருக்கும். இருநூறு ரூபாய் கொடுத்து வாங்கிவிட்டேன். பூட்டை மறந்துவிட்டேன்.

இந்த வித்தையைக் கற்றுக்கொடுத்தவர் ஊட்டியில் எனக்குப் பக்கத்து வீட்டுக்காரர். எழுபதுகளில் மூன்று வருடம் அங்கே குமாஸ்தா வேலை. அவர் ஒரு கிளப்பில் மார்க்கர். துரைமார் காலத்தில் தொடங்கி, பாயின்ட் எண்ணுவது, கியூவுக்குத் தோல் முனை ஒட்டுவது, மேஜையைத் துடைப்பது என்று வாழ்நாளைக் கழித்தவர். ஸ்நூக்கர் ஆட்டமே நம் நாட்டில் பிறந்தது என்று அவர் சொல்லித்தான் தெரியும். 1875-இல் ஜபல்பூரில் சேம்பர்லின் என்ற ராணுவ அதிகாரி தொடங்கி வைத்தார். (பிரதமர் சேம்பர்லின் வேறு.) 1882-இல் ஊட்டி கிளப்பில் அதற்கு விதிமுறைகள் எழுதப்பட்டன.

பதிலுக்கு நானும் ஒன்று சொன்னேன். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். அந்த மொழியில் ‘கியூ’ என்றால் வால். ஆதியில் அகலத் தலை வைத்த தடியால்தான் பந்தைத் தள்ளினார்கள். பந்து ஓரத்தில் ஒட்டிக்கொண்டால் தடியைத் திருப்பி வால் பக்கத்தால் அடித்தார்கள். வாலே பிறகு ஆட்டத்தைப் பிடித்துக்கொண்டது. ரேஷன் கடையில் நாம் நிற்கும் கியூவும் அதே வால்தான் என்றதும் மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார்.

அவர் ஓய்வு பெற்றபோது பணிக்கொடை கேட்டு மனு எழுதிக் கொடுத்தேன். பணம் வந்ததும், கிளப்பில் அவருக்குக் கொடுத்திருந்த பழைய கியூ ஒன்றைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார். “சார், இது சும்மா இருக்கக் கூடாது. நீங்க ஆடலேன்னா ஆடுற கையில கொடுத்துடுங்க.”

நான் ஆடவில்லை. யாருக்கும் கொடுக்கவும் இல்லை. பழைய போர்வையில் சுற்றி, மாற்றலாகிப் போன ஊருக்கெல்லாம் கொண்டுபோனேன். மதுரையில் வீடு கட்டிய பிறகு பீரோவுக்குப் பின்னால் சுவரில் சாய்த்து வைத்தேன். அபூர்வப் பொருள், பத்திரமாக இருக்கிறது என்று எனக்குப் பெருமை வேறு.

சந்தையில் வாங்கியதை வைத்துக்கொண்டு, வெகுநாள் கழித்து அந்தப் போர்வையைப் பிரித்தேன். பேரனின் சிநேகிதன் ஒருவன் ஸ்நூக்கர் ஆடுகிறவன். வந்து பார்த்தான். தரையில் உருட்டினான். சந்தைக் கியூ சத்தமில்லாமல் உருண்டது. என்னுடையது ஏறி இறங்கி, தட்டித் தட்டி உருண்டது. “வளைஞ்சிருச்சு தாத்தா” என்றான். மதுரை வெயிலும் மழைக்கால ஈரமும் மாறி மாறிப் பட்டு, சாய்ந்தே நின்ற மரம் வேறென்ன செய்யும்?

உலகத்தில் பழைய கியூக்களைச் சேகரிப்பவர்கள் நிறைய. லண்டன் பர்ரோஸ் அண்ட் வாட்ஸ் கம்பெனியின் கியூ, அமெரிக்காவில் பலபுஷ்கா என்ற ரஷ்யாவில் பிறந்த தொழிலாளி செய்த கியூ எல்லாவற்றுக்கும் பெரிய விலை. ‘தி கலர் ஆஃப் மணி’ என்று 1986-இல் ஒரு படம். அதில் கதாநாயகன் கையில் பலபுஷ்கா கியூ. ஆனால் உண்மையில் படப்பிடிப்பில் ஆடியது அது மாதிரி இன்னொரு கம்பெனி செய்த கியூ. அசல் அலமாரியில், நகல் ஆட்டத்தில்!

சேகரிப்பவர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் இல்லாவிட்டால் பாதி ஒட்டடை அடிக்கப் போயிருக்கும், மீதி அடுப்புக்குப் போயிருக்கும். ஆனால் காப்பாற்றுவது முதல் பாதி வேலைதான். கையால் செய்த பொருளை இன்னொரு கை பிடிக்க வேண்டும். அதைத் தினமும் எடுப்பவனுக்குத்தான் சின்ன வளைவும் உடனே தெரியும், லேசாகப் பிரியும் ஒட்டும் தெரியும். பூட்டி வைத்தவனுக்கு எல்லாம் முடிந்த பிறகுதான் தெரிகிறது. எனக்குத் தெரிந்தது போல.

சந்தைக் கியூவைப் பையனிடமே கொடுத்துவிட்டேன். புதுத் தோல் முனை ஒட்டி ஆடிக்கொண்டிருக்கிறான். மார்க்கர் சொன்னதை நாற்பது வருடம் தாமதமாக, வேறொரு கியூவை வைத்துச் செய்திருக்கிறேன். அவருடையது இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அதை யாரிடம் கொடுப்பது?

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு வீணையோ ஆர்மோனியமோ தையல் மெஷினோ இருக்கலாம். இந்த ஞாயிற்றுக்கிழமை ஒருமுறை இறக்கிப் பாருங்கள்.