விசையை இழுப்பது யார்? வன்னியின் கட்டுத்துவக்கும் அனுமதியில்லாத கமக்காரனும்

காலபோகப் பயிர் விளையும் நாள்களில் வன்னியிலிருந்து ஒரு செய்தி தவறாமல் வரும். மாடு தேடியோ, விறகு வெட்டவோ, தேன் எடுக்கவோ காட்டோரம் போன ஒருவர் கட்டுத்துவக்கு வெடித்துக் காயமடைந்தார் என்பதே அது. சில வேளைகளில் உயிரிழந்தார் என்றும் இருக்கும். பொலிஸார் மேலதிக விசாரணைகளை மேற்கொண்டு வருகின்றனர் என்ற வரியோடு செய்தி முடிந்துவிடும். அடுத்த நாள் அதைப் பற்றி எவரும் பேசுவதில்லை. காயப்பட்டவரின் குடும்பத்துக்கு மட்டும் அது முடிவதில்லை.

கட்டுத்துவக்கு என்றால் என்னவென்று வன்னியில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பன்றி வரும் தடத்தில் கட்டிவைக்கப்படும் நாட்டுத் துவக்கு அது. சுடுபவர் அங்கே இருப்பதில்லை. பாதைக்குக் குறுக்கே நிற்கும் நூலே அதன் விசை. அந்த நூலில் எது பட்டாலும் வெடிக்கும். பன்றியின் நெஞ்சு உயரம் என்பது மனிதனுக்கு முழங்கால் உயரம். அதனால்தான் இதில் சிக்குபவர்களில் பெரும்பாலானோர் காலில் காயத்தோடு வைத்தியசாலைக்கு வருகிறார்கள். இரும்புத் துண்டு, மருந்துக்கரி, மண் எல்லாம் ஒன்றாகக் காயத்துக்குள் போவதால் கிருமி தொற்றி, காலை எடுக்க வேண்டிய நிலையும் வருகிறது.

உலகம் துப்பாக்கியின் விசையை எவ்வளவு கவனமாகப் பார்க்கிறது என்பதற்கு விளையாட்டுத் துறையே ஓர் உதாரணம். சர்வதேச குறிபார்த்துச் சுடும் போட்டிகளில் 10 மீற்றர் காற்றுக் கைத்துப்பாக்கியின் விசை 500 கிராம் எடையையாவது தாங்க வேண்டும். 300 மீற்றர் நியமத் துப்பாக்கிக்கு அது 1500 கிராம். நடுவர்கள் விசையில் எடையைத் தொங்கவிட்டுப் பரிசோதிக்கிறார்கள். விரல் தெரியாமல் பட்டு வெடித்துவிடக் கூடாது, சுடுபவர் சுட நினைத்தால் மட்டுமே சுடப்பட வேண்டும் என்பதே அந்த விதியின் அடிப்படை. துப்பாக்கி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் விசை ஒரு மனிதனின் முடிவுக்குக் கட்டுப்பட்டிருக்க வேண்டும். கட்டுத்துவக்கில் இல்லாதது அதுதான். அங்கே முடிவெடுக்க ஆள் இல்லை. சாகப்போகிறவரே விசையை இழுக்கிறார்.

இப்படியான ஆயுதத்தை நாம் முன்பும் பார்த்திருக்கிறோம். மிதிவெடியும் இதே வகைதான். மனிதர் ஒருவரின் பிரசன்னத்தாலோ, அருகே வருவதாலோ, தொடுகையாலோ வெடிக்கும்படி அமைக்கப்பட்டது என்றுதான் ஒட்டாவா உடன்படிக்கை ஆட்களுக்கெதிரான கண்ணிவெடியை வரையறுக்கிறது. இலங்கை 2017 டிசெம்பரில் அந்த உடன்படிக்கையில் இணைந்தது. 2028 ஜூன் மாதத்துக்குள் நிலத்தைத் துப்புரவாக்க வேண்டும் என்ற கடப்பாடும் அதோடு வந்தது. முகமாலையிலும் முல்லைத்தீவிலும் வெயிலில் முழங்காலிட்டு அங்குலம் அங்குலமாக மண்ணைக் கிளறுபவர்களில் நமது பெண்களும் இருக்கிறார்கள். அவர்களில் பலர் போரில் குடும்பத்தைத் தாங்கியவரை இழந்தவர்கள். ஒரு பக்கம் அவர்கள் வெடியை எடுக்கிறார்கள். மறுபக்கம் அதே மாவட்டத்தில், அதே வேலையைச் செய்யும் இன்னொரு வெடியை நாமே கட்டிவைக்கிறோம். கசப்பாக இருந்தாலும் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். கட்டியவனும் சிக்கியவனும் பெரும்பாலும் ஒரே கமக்கார அமைப்பில் சந்தா கட்டுபவர்கள்.

ஆனால் கட்டியவனைக் குற்றவாளி என்று சொல்லிவிட்டு நிறுத்துவது பாதி உண்மைதான். அவன் ஏன் கட்டுகிறான்?

ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, துணுக்காய், அக்கராயன் பக்கம் போய்க் கேட்டால் பதில் ஒன்றாகவே இருக்கும். கச்சான், மரவள்ளி, நெல் எதைப் போட்டாலும் பன்றி விடுவதில்லை. பகலில் குரங்கு. இரவில் யானை. 2008, 2009ஆம் ஆண்டுகளில் மொத்த வன்னியும் இடம்பெயர்ந்தபோது வயல்கள் பற்றையாகின. பற்றை காடாகியது. எல்லையோரக் கிராமங்கள் சிலவற்றில் 1980களிலேயே அது தொடங்கிவிட்டது. மீளக்குடியேறியவர்கள் திரும்பி வந்து பார்த்தபோது தங்கள் காணியின் ஒரு பகுதி வனவளத் திணைக்களத்தின் எல்லைக்கல்லுக்கு அப்பால் கிடந்தது. வெட்டித் துப்புரவாக்கவும் முடியாது, அதற்குள்ளிருந்து வரும் விலங்கைத் தடுக்கவும் முடியாது. நகையை அடகு வைத்துப் போட்ட இரண்டு ஏக்கரை ஒரே இரவில் பன்றிக் கூட்டம் உழுதுவிட்டால், விடிய வரும் கோபத்தைச் சட்டப் புத்தகம் தணிப்பதில்லை.

முன்பு இதற்கு ஒரு வழி இருந்தது. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டத்தின் கீழ், பயிர்ப் பாதுகாப்புக்காக வேட்டைத் துவக்கு வைத்திருக்க அரசாங்க அதிபரிடம் அனுமதிப்பத்திரம் பெறலாம். ஊரில் இரண்டு மூன்று பேரிடம் அப்படித் துவக்கு இருந்தது. போர் தொடங்கியதும் அவற்றில் பல பொலிஸாரிடம் ஒப்படைக்கப்பட்டன, அல்லது இயக்கங்களால் எடுத்துச் செல்லப்பட்டன. அதே காலத்தில் பதவியா, வெலிஓயா போன்ற எல்லைக் குடியேற்றங்களில் ஊர்காவல் படையினருக்கு அரசே துவக்குக் கொடுத்தது. போர் முடிந்த பின் சட்டம் மாறவில்லை. அனுமதிப்பத்திரம் இன்றும் சட்டத்தில் உண்டு. ஆனால் துவக்கு வேண்டும் என்று ஒரு தமிழ்க் கமக்காரன் விண்ணப்பப் படிவத்தோடு போவது அவ்வளவு இலகுவல்ல. முன்னாள் போராளி என்றாலோ, அவருடைய தம்பி என்றாலோ சொல்லவே வேண்டாம். கேட்டாலே பெயர் பதியப்படும் என்ற பயமே பலரைத் தடுத்துவிடுகிறது.

பெயர் பதியப்படும் துவக்கு கிடைக்காதபோது பெயரில்லாத துவக்கு காட்டுக்குள் வருகிறது. அனுமதி பெற்ற துவக்குக்கு ஓர் இலக்கமும் உரிமையாளரும் உண்டு. சுட்டால் யார் சுட்டார் என்று தெரியும். கட்டுத்துவக்குக்கு இலக்கமும் இல்லை, உரிமையாளரும் இல்லை. பாதுகாப்பின் பெயரால் வைக்கப்படும் தடை, இருப்பதிலேயே பாதுகாப்பற்ற ஆயுதத்தை வளர்த்துவிடுகிறது. கட்டுத்துவக்கு நாடு முழுவதும் உள்ள பிரச்சினைதான். அநுராதபுரத்திலும் மொனராகலையிலும் இதே காயங்கள் வைத்தியசாலைக்கு வருகின்றன. ஆனால் அங்கே ஒரு கமக்காரன் பிடிபட்டால் அது துப்பாக்கிச் சட்ட வழக்கு. இங்கே பிடிபட்டால் விசாரணை எந்தத் திசைக்குப் போகும், பயங்கரவாதத் தடைச் சட்டம் வரை போகுமா என்ற அச்சம் வீட்டாரைத் தூங்கவிடாது. அந்த அச்சத்தால்தான் காயப்பட்டவரை வைத்தியசாலைக்குக் கொண்டுபோவதும் தாமதமாகிறது. இரத்தம் அச்சத்துக்காகக் காத்திருப்பதில்லை.

கொழும்பு இதுவரை என்ன செய்தது? 2023இல் ஒரு இலட்சம் குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பும் யோசனை வந்தது, எதிர்ப்பில் அடங்கியது. 2025 மார்ச் 15ஆம் திகதி காலை 8.00 மணி முதல் 8.05 மணி வரை, ஐந்தே நிமிடங்களில் நாடு முழுவதும் குரங்கு, மர அணில், மயில் ஆகியவற்றை எண்ணினார்கள். வன்னிக் கமக்காரனின் முதல் எதிரியான பன்றி அந்த எண்ணிக்கையில் இல்லை. கமக்காரருக்குக் காற்றுத் துப்பாக்கி கொடுப்பது பற்றியும் பேசப்பட்டது. அது குரங்கை வெருட்டும், பன்றியை ஒன்றும் செய்யாது. ஆறு பயிர்களுக்கென அரசு அறிமுகப்படுத்திய இலவசக் காப்புறுதியும் வறட்சி, வெள்ளம், காட்டு யானை ஆகியவற்றை மனதில் வைத்தே வகுக்கப்பட்டது. பன்றிக்கு அதில் இடமில்லை. கச்சானுக்கும் இல்லை.

ஆகவே கேட்க வேண்டியவற்றைத் தெளிவாகக் கேட்போம்.

முதலாவது, அனுமதிப்பத்திரம். தனி ஆளுக்குக் கொடுக்கத் தயக்கம் என்றால் கமக்கார அமைப்பின் பெயரில் கொடுக்கலாம். பதிவு கமநல சேவை நிலையத்தில் இருக்கட்டும். விண்ணப்பத்தை நிராகரித்தால் காரணத்தை எழுத்தில், தமிழில் தர வேண்டும்.

இரண்டாவது, பொதுமன்னிப்பு. 2020 பெப்ரவரியில் சட்டவிரோத ஆயுதங்களை ஒப்படைக்க ஒரு வார அவகாசம் கொடுக்கப்பட்டது. வன்னியில் அப்படியொன்று பலிக்க வேண்டுமானால் ஒப்படைக்கும் இடம் இராணுவ முகாமாக இருக்கக் கூடாது. பிரதேச செயலகமும் மதகுருமாரும் முன்னின்று, பெயர் கேட்காமல் வாங்க வேண்டும்.

மூன்றாவது, வேலி. யானை–மனித முரண்பாட்டைத் தணிக்க 2020 இறுதியில் நிபுணர் குழு கையளித்த தேசிய செயற்றிட்டம், காட்டின் எல்லையில் அல்லாமல் ஊரையும் வயலையும் சுற்றி மின்வேலி போடச் சொன்னது. வயல் வேலியை விதைக்கும்போது கட்டி, அறுவடை முடியக் கழற்றி, கமக்காரரே பராமரிப்பார்கள். யானைக்கான அந்த வேலியில் பன்றிக்கெனக் கீழே ஓரிரு கம்பிகளைச் சேர்க்கலாம். வேலியென்றால் உரிய மின்னூட்டியோடு கூடிய வேலிதான். வீட்டு மின்சாரத்தை நேரே கம்பிக்குக் கொடுப்பது கட்டுத்துவக்கைவிடக் கொடியது.

நான்காவது, விழிப்புணர்வு. மிதிவெடி அபாயக் கல்வி பாடசாலைகளுக்குச் சென்ற அனுபவம் நமக்குண்டு. அந்தப் பாடத்தோடு கட்டுத்துவக்கையும் வாய்வெடியையும் சேர்க்க எந்த அமைச்சின் அனுமதிக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

இவை கிடைக்கும்வரை நமக்குள் பேச வேண்டியதும் ஒன்று உண்டு. கமக்கார அமைப்பின் அடுத்த கூட்டத்தில் வாய்க்கால் துப்புரவும் உர மானியமும் பேசி முடிந்தபின் யாராவது எழுந்து இதைக் கேட்கட்டும். நமது ஊர்க் காட்டில் இன்று இரவு எத்தனை நூல் கட்டியிருக்கிறது? கட்டியவர் அந்தக் கூட்டத்திலேயே இருப்பார். அவரைக் காட்டிக்கொடுக்க வேண்டாம். விடிவதற்குள் அவிழ்த்துவிடச் சொன்னால் போதும். மிதிவெடிக்குக் கால் கொடுத்தவர்கள் வாழும் ஊரில், பன்றிக்காகக் கட்டிய நூலில் இன்னொரு கால் போகக் கூடாது.