ஒளித்து வைப்பவரின் அறம்

ஒரு பொருளை ஒளித்து வைப்பது எளிது. வேறொருவர் கண்டெடுக்கும்படி ஒளித்து வைப்பது சற்றுக் கடினம். நூறு பேர் வந்து கண்டெடுத்துச் சென்ற பின்னும் அந்த இடம் முன்பிருந்தபடியே இருக்குமாறு ஒளித்து வைப்பது மிகக் கடினம். ஜியோகேஷிங் என்று வழங்கும் விளையாட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் முதலிரண்டைப் பற்றியே எழுதுகிறார்கள். மூன்றாவதைப் பற்றியும், அதில் சொற்களுக்கு உள்ள பங்கைப் பற்றியும் கொஞ்சம் பேசலாம் என்று தோன்றியது.

விளையாட்டை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். ஒருவர் நீர் புகாத ஒரு பெட்டியில் கையெழுத்திட ஒரு சிறு ஏட்டையும், சில வேளைகளில் பண்டமாற்றுக்குச் சில்லறைப் பொருள்களையும் வைத்து, திறந்தவெளியில் ஓரிடத்தில் மறைக்கிறார். அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகைகளை இணையத்தில் அறிவிக்கிறார். கூடவே ஒரு குறிப்பும் எழுதுகிறார். மற்றவர்கள் ஜி.பி.எஸ். கருவியோடு தேடிச் சென்று, பெட்டியைக் கண்டு, ஏட்டில் பெயரெழுதி, எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டு வருகிறார்கள். இவ்வளவுதான். எடுத்துக்கொண்டு போவதற்கு எதுவும் இல்லாத புதையல் வேட்டை இது.

இதற்குப் பிறந்த நாளே உண்டு. அதுவரை அமெரிக்க அரசு, பொதுமக்கள் பயன்படுத்தும் ஜி.பி.எஸ். சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து வந்தது. கருவி காட்டும் இடத்துக்கும் உண்மையான இடத்துக்கும் நூறு மீட்டர் வரை வேறுபாடு இருக்கும். 2000 மே மாதத் தொடக்கத்தில், அதிபர் கிளிண்டனின் ஆணைப்படி அந்தக் கலப்பு நிறுத்தப்பட்டது. மே 3 அன்று டேவ் அல்மர் என்பவர் ஆரிகன் மாநிலத்தில் பீவர்கிரீக் என்ற ஊருக்கருகே ஒரு கறுப்பு வாளியைப் பாதி மண்ணுக்குள் புதைத்து, அதன் இருப்பிடத்தை இணையத்தில் அறிவித்தார். வாளிக்குள் இருந்தவற்றில் ஒன்று பீன்ஸ் அடைத்த தகரக் குவளை. அதே மாத இறுதியில் 'ஜியோகேஷ்' என்ற சொல் உருவானது. செப்டம்பரில் 75 பெட்டிகளின் பட்டியலோடு இவ்விளையாட்டுக்கென ஓர் இணையதளம் தொடங்கியது. இன்று உலகெங்கும் முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் இருக்கின்றன.

இதில் ஒரு முரண் உண்டு. அந்த முதல் வாளியை அதே உருவில் இன்று யாரேனும் வைக்க முன்வந்தால் பட்டியலில் சேர்க்க மாட்டார்கள். நில உரிமையாளரின் வெளிப்படையான இசைவின்றிக் குழி தோண்டக் கூடாது. உணவுப் பொருள் வைக்கக் கூடாது, விலங்குகள் மோப்பம் பிடித்து வரும். அல்மர் தவறு செய்தார் என்று இதற்குப் பொருளில்லை. ஒரு வாளி மண்ணுக்கு ஒரு பொருட்டே அல்ல. முப்பது லட்சம் பெட்டிகளும், ஒவ்வொன்றுக்கும் வரும் கால்களும் பொருட்டு. தனி மனிதரின் குறும்பாக இருந்தவரை அறம் தேவைப்படாத ஒரு செயல், பலர் செய்யத் தொடங்கியதும் அறத்தைக் கோருகிறது.

இங்கே ஒரு சிறு கணக்கைப் பார்க்கலாம். வானம் மறைக்கப்படாத வெட்டவெளியில் இன்றைய கைபேசியின் பிழை ஏறத்தாழ 5 மீட்டர். அந்த ஆரமுள்ள வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 78.5 சதுர மீட்டர். அடர்ந்த மரங்களுக்குக் கீழோ பாறைச் சரிவிலோ பிழை 10 மீட்டராகிறது என்று கொள்வோம். பரப்பு இரு மடங்காவதில்லை, நான்கு மடங்காகி 314 சதுர மீட்டராகிறது. கருவி இதற்கு மேல் உதவாது. அந்த வட்டத்துக்குள் தேடுகிறவர் என்ன செய்வார்? கல்லைப் புரட்டுவார், பட்டையை விலக்கிப் பார்ப்பார், புதருக்குள் கைவிடுவார். புரட்டிய கல்லுக்குக் கீழே பூரானோ பல்லியோ குடியிருந்திருக்கும். கல்லின் மேல் படர்ந்த பாசிக்குப் பல ஆண்டு வயது இருக்கும். கண்டுபிடிக்க முடியாமல் திரும்பியவருக்குப் பின்னால் அடுத்தவர் வந்து அதே கற்களை மீண்டும் புரட்டுவார்.

அந்த வட்டத்தைச் சுருக்கக்கூடிய ஒரே கருவி பெட்டி வைத்தவர் எழுதும் குறிப்பு. என் வாதம் முழுவதும் இந்த ஒரு வரியில் அடங்கிவிடும். குறிப்பு என்பது தேடுகிறவர்மீது இரக்கப்பட்டுக் கொடுக்கும் சலுகை என்று பலர் நினைக்கிறார்கள். அது நிலத்துக்குக் கொடுக்கும் பாதுகாப்பு. மங்கலான குறிப்பு ஒவ்வொன்றுக்கும் விலை கொடுப்பது அங்கே இருக்கும் புல்லும் பாசியும்தான்.

காட்டுக்குள் ஒரு பெட்டியை வைத்துவிட்டு 'மரத்தடியில்' என்று மட்டும் குறிப்பெழுதுவது குறும்பு அல்ல, பொறுப்பின்மை. 'பாறைக்கு வடபுறம், முழங்கால் உயரம், எதையும் நகர்த்தத் தேவையில்லை' என்று எழுதினால் தேடுவோர் கை அந்த ஓரிடத்துக்கு மட்டுமே போகும். எங்கே இல்லை என்று சொல்வதும் நல்ல குறிப்பே. 'சுவரில் இல்லை' என்ற இரண்டு சொற்கள் ஒரு பழஞ்சுவரைக் காப்பாற்றும். பிரிட்டனின் நாட்டுப்புறங்களில் சாந்து பூசாமல் கல்மேல் கல் அடுக்கிக் கட்டிய சுவர்கள் நெடுகச் செல்கின்றன. ஒரு கல்லை உருவினால் மேலுள்ளவை தளரும். அங்கே அத்தகைய சுவர்களில் பெட்டி வைப்பதற்குத் தடை உண்டு. ஆனால் தடை மட்டும் போதாது. சுவருக்கருகே நிற்கும் ஒருவருக்குச் சுவரில் தேடவேண்டாம் என்று யாராவது சொல்லியாக வேண்டும்.

அங்கே இந்த நெறி ஜி.பி.எஸ்.ஸுக்கு வெகு முன்பே வேர்விட்டது. 1854-இல் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி டார்ட்மூர் மேட்டுநிலத்தில் கிரான்மியர் குளத்தருகே, வந்துபோகிறவர்கள் தம் பெயரட்டையை விட்டுச் செல்ல ஒரு புட்டியை வைத்தார். அதிலிருந்து வளர்ந்த 'லெட்டர்பாக்ஸிங்' வழக்கத்தில் செயற்கைக்கோள் கிடையாது. குறிப்பும் திசைகாட்டியும் கால்நடையும்தான். டார்ட்மூரில் வரலாற்றுக்கு முந்தைய கல்வரிசைகளும் கல்வட்டங்களும் ஏராளம். அவற்றிலோ சுவர்களிலோ இடிபாடுகளிலோ பெட்டி வைப்பதில்லை என்பது அங்கே விளையாடுவோர் வகுத்துக்கொண்ட நெறி. சொல்லை மட்டுமே நம்பிய விளையாட்டு சொல்லைக் கவனமாகக் கையாளவும் கற்றுக்கொண்டது என்றே எண்ணுகிறேன்.

எதிர்வாதம் ஒன்றை எதிர்பார்க்கலாம். 'எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் தேடுவதில் என்ன சுவை? கடினம்தானே இன்பம்?' நியாயமான கேள்வி. கடினத்தைக் குறைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கடினத்தை எங்கே வைப்பது என்பதே கேள்வி. அதை மண்ணில் வைத்தால் மண் கிளறப்படும். சொல்லில் வைத்தால் மூளை மட்டுமே கிளறப்படும்.

நம்முடைய பிசியை இங்கே நினைத்துக்கொள்ளலாம். தொல்காப்பியச் செய்யுளியல் விடுகதையைப் பிசி என்று குறித்து அதை இரண்டாகப் பகுக்கிறது. ஒன்றோடொன்றை ஒப்பிட்டு உவமையால் உணர்த்துவது ஒரு வகை. சொல்லப்பட்ட ஒன்றிலிருந்து சொல்லப்படாததை ஊகிக்கச் செய்வது மற்றொரு வகை. நல்ல விடுகதைக்கு ஓர் ஒழுக்கம் இருக்கிறது. விடை தெரியும்வரை அது மூடியிருக்கும். விடை தெரிந்த கணத்தில் ஒவ்வொரு சொல்லும் அந்த விடையையே சுட்டிக்கொண்டிருந்தது என்று புலப்படும். கேட்டவர் தன் அறியாமையைப் பார்த்துத் தானே சிரிப்பார். தன்னை ஏமாற்றிவிட்டதாகச் சினம் கொள்ள மாட்டார். பெட்டிக்கு எழுதும் குறிப்பும் இந்தத் தேர்வில் தேற வேண்டும்.

பொறுப்பும் கற்பனையும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல என்பதற்கு இவ்விளையாட்டிலேயே சான்றுகள் உண்டு. பல கட்டங்களாகச் செல்லும் வேட்டைகளில் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு துண்டுச்சீட்டை ஒளித்து வைக்க வேண்டியதில்லை. ஏற்கெனவே அங்கிருப்பவற்றையே தடயமாக்கலாம். நினைவுக்கல்லில் பொறித்த ஆண்டு, பூங்காவிலுள்ள இருக்கைகளின் எண்ணிக்கை, மைல்கல்லின் எண் ஆகியவற்றைக் கூட்டிக் கழித்தால் இறுதி இடத்தின் எண்கள் கிடைக்கும்படி அமைக்கலாம். நிலத்தில் புதிதாக ஒன்றும் சேர்வதில்லை. எத்தனையோ முறை கடந்துபோன கல்வெட்டை ஒருவர் முதன்முறையாக நின்று வாசிக்கிறார். எனக்கு இதைவிட அழகான ஒளிப்பு தெரியாது. இரவு வேட்டைக்காக ஒளி எதிரொலிக்கும் ஊசிகளை மரங்களில் குத்திச் செல்வதை இதனோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். இரண்டிலும் கற்பனை இருக்கிறது. ஒன்றில் மட்டும் மரம் விலை கொடுக்கிறது.

பெட்டியே இல்லாத வகையும் வந்துவிட்டது. 2004 ஜனவரியில், ஆஸ்திரேலியாவின் முராமராங் தேசியப் பூங்காவில் முதல் 'எர்த்கேஷ்' அமைந்தது. இதில் பெட்டி கிடையாது. பாறை அடுக்கையோ மடிப்பையோ உற்றுப் பார்த்து, அது எப்படி உருவானது என்ற கேள்விக்கு விடை எழுதி அனுப்ப வேண்டும். அந்த நிலத்தின் வரலாறே புதையல். பெட்டிகளை அனுமதிக்காத காப்பிடங்களிலும் விளையாட்டு நுழைய இது வழி திறந்தது.

குறிப்பை இணையத்தில் மூடி வைப்பதிலும் ஒரு நாகரிகம் இருக்கிறது. ஆங்கில எழுத்து ஒவ்வொன்றையும் 13 இடம் நகர்த்தி எழுதும் எளிய மறைமுறையில் அதை வெளியிடுகிறார்கள். 26 எழுத்துகள் என்பதால் அதே செயலை மறுமுறை செய்தால் மூலம் திரும்பிவிடும். (நம் 247 எழுத்துகளை இப்படிச் சரிபாதியாக்க முடியாது!) வேண்டாதவர் வாசிக்காமல் தேடலாம். தேடிக் களைத்தவர் திறந்து பார்க்கலாம். ஆகவே தெளிவான குறிப்பு எழுதினால் சுவை கெடும் என்ற அச்சத்துக்கே இடமில்லை. மூடியைத் திறந்து பார்த்த பிறகும் உள்ளே ஒன்றுமில்லை என்றால் அது தேடுகிறவரை அவமதிப்பதாகும்.

தேடாதவர்களுக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம். விளையாட்டைப் பற்றி ஏதும் அறியாத வழிப்போக்கர்களை ஆட்டக்காரர்கள் ஹாரி பாட்டர் நாவல்களின் சொல்லால் 'மகுள்' என்று அழைப்பார்கள். அந்த அழைப்பிலுள்ள மெல்லிய செருக்கு எனக்குப் பிடிப்பதில்லை. 2011-இல் இங்கிலாந்தின் வெதர்பி நகரில், கடைத்தெருவில் ஒளித்திருந்த ஒரு சிறு பெட்டியைச் சிலர் வெடிகுண்டு என்று ஐயுற்றார்கள். தெருவை மூடி, வல்லுநர்களை வரவழைத்து, பெட்டியை வெடிக்கச் செய்து தகர்த்தார்கள். ஐயுற்றவர்கள் அறிவிலிகள் அல்லர். ஒருவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஒரு பெட்டியை எங்கோ செருகிப் போவதைக் கண்டால் யார்தான் அஞ்ச மாட்டார்கள்? உள்ளிருப்பது தெரியும் பெட்டி, வெளியே ஒரு விளக்கச் சீட்டு, இடத்துக்கு உரியவரின் அனுமதி, பள்ளிகளையும் இருப்புப்பாதைகளையும் விட்டு விலகிய இடம் ஆகிய நான்கும் இருந்தால் அச்சத்துக்கான காரணம் பெருமளவு குறைந்துவிடும்.

கருவியின் அம்புக்குறியைப் பற்றியும் ஒரு சொல். அது நேர்கோட்டைத்தான் காட்டும். ஒற்றையடிப் பாதை வளைந்து செல்லுமிடத்தில் அம்பை நம்புகிறவர் புல்லை மிதித்துக் குறுக்கே நடப்பார். இருபது பேர் நடந்தால் புதிய தடம் விழுந்துவிடும். அதற்குப்பின் மழைநீரும் அத்தடத்திலேயே ஓடி மண்ணை அரிக்கும். பெட்டியைப் பாதையிலிருந்து கையெட்டும் தொலைவில் வைப்பதும், பாதை தொடங்குமிடத்தைக் குறிப்பிலேயே சொல்லிவிடுவதும் ஒளித்தவரின் கடமை. பறவைகள் கூடுகட்டும் பருவத்தில் வேட்டையைச் சில வாரங்கள் நிறுத்தி வைப்பதும், பெட்டி உடைந்துபோனால் சென்று அகற்றுவதும் அப்படியே. மறக்கப்பட்ட புதையலுக்குக் குப்பை என்று பெயர். 2002 முதல் ஆட்டக்காரர்களே கூடிக் காடுகளிலும் கரைகளிலும் குப்பை அகற்றும் நாள்களை நடத்தி வருகிறார்கள் என்பது நம்பிக்கை தரும் செய்தி.

ஒளித்து வைப்பவர் தன் கெட்டிக்காரத்தனத்தைக் காட்ட ஆசைப்படுவது இயல்பு. எழுதுகிறவர்களுக்கும் அந்த ஆசை உண்டு. வாசகன் தடுமாறினால் தன் எழுத்து ஆழமானது என்று நினைத்துக்கொள்ளும் நோய் நமக்கும் புதிதல்ல. ஆனால் தேடி வந்தவர் முடிவில் அடைய வேண்டியது தோல்வி அல்ல. கண்டெடுத்து, பெயரெழுதி, பெட்டியை இருந்தபடியே வைத்துவிட்டு நிமிர்கிறபோது அவர் கண்ணில் படுவது அந்த இடமாக இருக்க வேண்டும். அந்த மரத்தையும் பாறையையும் நீரோடையையும் பார்க்கச் செய்யத்தானே அவரை அவ்வளவு தூரம் நடக்க வைத்தோம்? அவர் வந்தபோது அவை அங்கே முழுதாக இருக்க வேண்டும். அடுத்தவர் வரும்போதும்.